காற்றடித்தால் அறுந்து போகும் ஒலி: முதலில் பனைகளைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் வானொலிக் கலையகம் கிளிநொச்சியில், ஒலிபரப்பி 8 கிலோமீற்றர் தள்ளி, இடையில் 5.8 கிகாஹேர்ட்ஸ் கம்பியில்லா இணைப்பு. வெயிலில் சரி, மழைக்காற்றில் ஒலி அறுந்து அறுந்து வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். இந்த அலைவரிசையில், இவ்வளவு தூரத்துக்கு மழை மட்டும் பெரிதாக ஒன்றும் செய்யாது. எனக்குச் சந்தேகம் வழியில் நிற்கும் பனைகளில்தான். கோபுரத்து விளக்கு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவழியில், இரண்டு பக்க டிஷ்களையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 10 மீற்றர் ஆரத்துக்கு அலை பரந்துதான் போகும். அதில் 6 மீற்றராவது வெறுமையாக இருக்கவேண்டும். நனைந்த ஓலை அதற்குள் நின்று ஆடினால் சிக்னல் ஏறி இறங்கும்.

பனையைத் தறிக்க நினைக்காதீர்கள், அதற்கு அனுமதியும் வேண்டும். மரங்கள் எந்தப் பக்கத்துக்குக் கிட்டவோ, அந்தப் பக்கத்து டிஷ்ஷை உயர்த்துங்கள். அதுவரைக்கும் சனல் அகலத்தை (இணைப்பு பயன்படுத்தும் அலைவரிசையின் அகலம்) 40இலிருந்து 10 மெகாஹேர்ட்ஸாகக் குறைத்துப் பாருங்கள்; வேகம் குறையும், ஆனால் பலவீனமான சிக்னலிலும் இணைப்பு தாக்குப்பிடிக்கும். சுருக்காத ஸ்டீரியோ ஒலிக்கே நொடிக்கு 1.5 மெகாபிற் அளவுதான் தேவை, வேகம் உங்களுக்கு அவசியமில்லை. ஒலிபரப்பிப் பக்க டிகோடரில் (வரும் தரவை ஒலியாக்கும் கருவி) பஃபரை, அதாவது ஒலியை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் அளவை, ஒரு நொடிக்குக் கூட்டினால் சின்ன அறுப்புகள் கேட்காது.

அப்புறம், ஐப்பசி இடி தொடங்கமுதல் இரண்டு பக்கமும் எர்த் அடித்து, கேபிளுக்கு மின்னல் காப்பும் போட்டுவிடுங்கள்.