பைக்கிலிருந்து கூரை திறந்த காருக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

24 ஆண்டுகள் பைக்கில் நெடுந்தூரம் சுற்றியவன் நான். கடந்த 7 ஆண்டுகளாக அதே பயணங்களைக் கூரை திறக்கும் சின்னக் காரில், அதாவது கன்வர்டிபிளில், போகிறேன். அந்த மாற்றத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னதும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பைக் தரும் அதே உணர்வைக் கன்வர்டிபிள் தருமா? நேராகச் சொல்லுங்கள்.

தராது. வளைவில் உடம்பும் வண்டியும் ஒன்றாகச் சாய்வதற்கு எந்தக் காரிலும் ஈடு கிடையாது. அதை எதிர்பார்த்து வாங்கினால் சில மாதங்களில் விற்றுவிடுவீர்கள். ஆனால் மற்றதெல்லாம் கூடவே வருகிறது. மலையிறக்கத்தில் ஒரு திருப்பத்தில் சில்லென்று ஓடைக் காற்று, அடுத்த திருப்பத்தில் வெயில் குடித்த பாறையின் சூடு. மழை விட்ட மண் வாசனை, எங்கோ புல் அறுத்த வாசனை. மூடிய காரில் இவை எதுவும் உள்ளே வராது.

பைக்கில் கிடைக்காத ஒன்றும் இதில் உண்டு. தலையில் ஹெல்மெட் இல்லை. மெதுவாகப் போகும்போது பாலத்துக்கடியில் தண்ணீர் ஓடுவது கேட்கிறது. முதல் பயணத்தில் அதைக் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: வயது 58. முழங்கால் வலியால்தான் பைக்கை விடுகிறேன். இது சுலபமாக இருக்குமா?

ஓட்டுவது சுலபம். ஏறி இறங்குவதும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு சீட் ரோட்ஸ்டர்களில் சீட் தரையோடு தரையாக இருக்கும், எழும்போது முழு பாரமும் முழங்காலில்தான் விழும். வாங்கும் முன் கூரையை மூடிவிட்டு ஐந்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள். முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இறங்கும்போது அதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஐந்தாவது முறையும் முகம் சுளிக்காமல் எழுந்தால் சரி. இல்லையென்றால் உயரமான வண்டியைப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் டி-ராக் கேப்ரியோலே எஸ்யூவி உயரத்தில் இருக்கும் கன்வர்டிபிள். இடது முழங்காலில் வலி என்றால் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் எடுங்கள்.

கேள்வி: எந்தக் கார்? மஸ்டா எம்எக்ஸ்-5, போர்ஷே பாக்ஸ்டர், பிஎம்டபிள்யூ இசட்4 மூன்றுக்கும் நடுவில் குழம்புகிறேன். சாமான்களுக்கும் இடம் வேண்டும்.

பைக்கில் பழகிய கைக்கு எடை குறைந்த வண்டிதான் உடனே பிடிக்கும். 1989-இல் வந்ததிலிருந்தே எம்எக்ஸ்-5 அப்படிப்பட்ட வண்டி. குதிரையும் சவாரி செய்பவரும் ஒன்றாவது என்ற பொருளில் ‘ஜின்பா இத்தாய்’ என்று ஜப்பானியர் சொல்வதை மஸ்டா இந்த வண்டிக்குக் கொள்கையாக வைத்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் பைக் ஓட்டியவருக்கு அது சட்டென்று புரியும். 2015-இல் வந்த நான்காம் தலைமுறையின் எடை ஏறக்குறைய 1,000 கிலோதான். துணிக்கூரையின் கொக்கியை விடுவித்து, சீட்டில் இருந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம். மோட்டாரும் இல்லை, காத்திருப்பும் இல்லை. எனக்கு இதுதான் பிடித்த ஏற்பாடு.

டிக்கி 130 லிட்டர் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். இரண்டு சைடு பாக்ஸும் ஒரு டாப் பாக்ஸும் மாட்டிய டூரிங் பைக்கை நினைத்துப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து 100 முதல் 120 லிட்டர் வரும். ஆக, பைக்கில் கொண்டுபோனது எல்லாம் இதிலும் போகும். மடங்கும் துணிப் பைகளாக எடுங்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி இந்த டிக்கிக்குப் பொருந்தாது.

இன்னும் இடம் வேண்டுமென்றால் பாக்ஸ்டர். எஞ்சின் சீட்டுகளுக்குப் பின்னால் இருப்பதால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு டிக்கிகள். கூரையைத் திறந்தாலும் இடம் குறையாது. 2018-இல் அறிமுகமான இசட்4-இலும் கூரை திறந்தாலும் மூடினாலும் 281 லிட்டர்தான். 1996-இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே பிரபலமாக்கிய மடங்கும் இரும்புக் கூரை, மூடியிருக்கும்போது அருமை. ஆனால் மடிந்ததும் டிக்கிக்குள்தான் போய் உட்காரும். நீண்ட பயணத்துக்கு நான் துணிக்கூரையைத்தான் சொல்வேன்.

டெஸ்ட் டிரைவில் மறக்காமல் ஒன்று செய்யுங்கள். கூரையைத் திறந்துவிட்டு, மேடு பள்ளமான சாலையில் நிதானமாகப் போங்கள். உள்கண்ணாடியில் தெரியும் பிம்பம் நடுநடுங்கினால், கூரை இல்லாத குறையை வண்டியின் உடல்கட்டு முழுதாக ஈடு செய்யவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: 100 கிமீ வேகத்தில் பின்கழுத்தில் காற்று அடித்து உயிரை வாங்குகிறது. காற்று முன்னாலிருந்துதானே வர வேண்டும்?

முன்கண்ணாடி காற்றைத் தலைக்கு மேலே ஏற்றி அனுப்பிவிடுகிறது. சீட்டுகளுக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் அதே காற்று சுருண்டு திரும்பி வந்து கழுத்தில் அடிக்கிறது. சீட்டுகளுக்குப் பின்னால் காற்றுத் தடுப்பு வலை மாட்டுங்கள், பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். பாதி தொல்லை அப்போதே போய்விடும். உயரமானவர் என்றால் சீட்டை முடிந்தவரை தாழ்த்துங்கள்.

குளிர்காலத்தில் ஹீட்டரைக் காலுக்குத் திருப்பி, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டால் கூரையைத் திறந்தே போகலாம். பைக்கில் சூடாகும் கைப்பிடியை (ஹீட்டட் கிரிப்) மட்டும் நம்பி ஓட்டியவர்களுக்கு இது சொர்க்கம்.

வெயில்தான் ஏமாற்றும். பைக்கில் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் தோலை மூடியிருந்தன. இங்கே காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவதே தெரியாது. சாயங்காலம் நெற்றியும் காது மடலும் எரியும். புறப்படும்போதே சன்ஸ்கிரீன் பூசுங்கள், காது மேல் நுனியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: காதில் இயர்பிளக் இன்னும் தேவையா?

நெடுஞ்சாலையில் கூரையைத் திறந்து மணிக்கணக்கில் போனால் தேவை. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். பைக்கில் வைத்திருந்த அதே இயர்பிளக் போதும். மெதுவான கிராமச் சாலைகளில் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: நடுவழியில் மழை பிடித்தால்?

தூறல் என்றால் ஓடும் வேகத்தில் தலைக்கு மேலேயே போய்விடும். சிக்னலில் நின்றதும் நனைவீர்கள். அதனால் மேகத்தைப் பார்த்ததுமே மூடிவிடுங்கள். மோட்டார் கூரைகள் குறிப்பிட்ட வேகம் வரைதான் வேலை செய்யும். இசட்4-இல் அது 50 கிமீ. சில வண்டிகளில் நின்றே ஆக வேண்டும். நனைந்த துணிக்கூரையை மடித்து அப்படியே நாள்கணக்கில் விடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: பழைய கன்வர்டிபிள் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மூக்கை நம்புங்கள். கதவைத் திறந்ததும் ஊறிய துணி வாடை வந்தால் எங்கோ தண்ணீர் நிற்கிறது. என் காரிலும் அப்படித்தான். ஒரு மழைக்காலத்தில் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பளத்தை அழுத்தினேன், விரலிடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது. கூரை கிழிந்துவிட்டது என்று பதறினேன். கூரை நன்றாகத்தான் இருந்தது. கூரையின் மழைநீர் வடிந்து வெளியேறும் சின்ன ஓட்டை ஒன்று பக்கத்தில் உண்டு. காரை மரத்தடியில் நிறுத்திய காலத்துச் சருகெல்லாம் மக்கிக் கறுப்புச் சேறாக அந்த ஓட்டையை அடைத்திருந்தது. வளையும் மெல்லிய பிளாஸ்டிக் கம்பியால் குடைந்ததும் கதவுக்குப் பின்னால் அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. உள்ளே காய்வதற்கு ஒரு வாரம் ஆனது.

ஆகவே ஒரு பாட்டில் தண்ணீரை அந்த ஓட்டையில் மெதுவாக ஊற்றி, கீழே வருகிறதா பாருங்கள். கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். கூரையை மூன்று நான்கு முறை திறந்து மூடுங்கள். மோட்டார் கூரை என்றால் எண்ணெய்க் கசிவையும் கவனியுங்கள். பின்கண்ணாடி பிளாஸ்டிக் என்றால் மடிப்பில் வெடிப்பு இருக்கலாம். கடுங்குளிரில் அதை மடிக்கக் கூடாது.

கேள்வி: கூரை இல்லாத காரைவிட பைக் மேல் என்கிறார் நண்பர். பாதுகாப்பில் எது நல்லது?

கார்தான். பெல்ட், ஏர்பேக், சுற்றிலும் இரும்பு, கவிழ்ந்தால் தாங்க வலுப்படுத்திய முன்கண்ணாடிச் சட்டம், பல வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் வளையம். ஆனால் பெல்ட் போடாவிட்டால் இவற்றுக்கு மதிப்பில்லை. வளைவின் கடைசி வரை பார்வையை ஓட்டும் பைக் பழக்கத்தை விடாதீர்கள், காரிலும் அது காப்பாற்றும். வண்டிகளுக்கு நடுவே சந்தில் நுழைந்து போகும் பழக்கத்தைத்தான் விட வேண்டும். கூரை மூடியிருக்கும்போது பின்பக்க ஓரம் பெரிதாக மறையும். லேன் மாறுமுன் ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள்.

கேள்வி: மூன்று சக்கர வண்டி நடுவழியாக இருக்குமா?

கேன்-ஆம் ஸ்பைடரில் ஹேண்டில்பார் இருக்கும், ஆனால் வண்டி சாயாது. போலாரிஸ் ஸ்லிங்ஷாட்டில் ஸ்டியரிங் வீலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டும் உண்டு, மூடும் கூரை கிடையாது. சமநிலை மட்டும்தான் உங்கள் சிக்கல் என்றால் ஸ்பைடரைப் பாருங்கள். மழை, குளிர், சாமான் என்றால் கார்தான்.

கேள்வி: என் மனைவி 10 ஆண்டுகளாகப் பின்னால் உட்கார்ந்து வருகிறார். அவருக்கு இது பிடிக்குமா?

அவரிடம் கேளுங்கள், முதல் டெஸ்ட் டிரைவுக்கே கூட்டிப் போங்கள். என் மனைவியும் நானும் பைக்கில் தட்டுப் பாஷை வைத்திருந்தோம். தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் மெதுவாகப் போ. எத்தனையோ நாட்கள் அவர் பார்த்தது என் ஹெல்மெட்டின் பின்பக்கத்தைத்தான். காரில் முதல் நாள், “அந்த மலைக்கு மேல பாருங்க, கழுகு” என்று சாதாரணக் குரலில் சொன்னார். நான் அப்போதே பார்த்தேன். பைக்கில் என்றால் இரவு தங்கும் இடத்தில்தான் எனக்குத் தெரிந்திருக்கும். மதியத்துக்கு மேல் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறார், எனக்கு அதுவும் சந்தோஷம்தான்.

கேள்வி: அப்புறம் பைக்கை விற்றுவிடலாமா?

எல்லாப் பருவமும் சேர்ந்து ஒரு முழு ஆண்டு காரை ஓட்டிப் பார்க்கும் வரை வேண்டாம். நான் பெரிய டூரிங் பைக்கை விற்றது இரண்டாவது ஆண்டில். சின்ன பைக் ஒன்று இன்னும் இருக்கிறது, காலையில் ஒரு மணி நேரம் வளைவுகளில் சாய்ந்துவிட்டு வர அது போதும். முடிவெடுக்கும் வரை பைக்கின் பேட்டரியை மட்டும் மாதம் ஒருமுறை சார்ஜ் செய்து வையுங்கள்.