புகையானா, பச்சைத் தத்துப்பூச்சியா? நெல் கேள்வி பதில்

வீரவநல்லூர்: அண்ணாச்சி, பிசானப் பருவ நெற்பயிர் நடு வயலில் வட்டவட்டமாகக் காய்கிறது. பக்கத்து வயல்காரர் பச்சைத் தத்துப்பூச்சி என்கிறார்.

பதில்: வட்டத் திட்டு என்றால் பெரும்பாலும் புகையான் என்ற பழுப்புத் தத்துப்பூச்சிதான், தம்பி. குத்தை, அதாவது ஒரே இடத்தில் நட்ட பயிர்க் கொத்தை விலக்கி, தண்ணீருக்குச் சற்று மேலே பாருங்கள். அரிசியைவிடச் சிறிய பழுப்புப் பூச்சிகள் கொத்தாக ஒட்டியிருக்கும். தட்டினால் தண்ணீரில் உதிரும். பச்சைத் தத்துப்பூச்சி மேலே இலையில் இருக்கும். ஆணின் இறக்கை நுனி கறுப்பு. அது சாறு குடிப்பதைவிட துங்ரோ வைரஸைப் பரப்புவதுதான் பெரிய கேடு. துங்ரோ வந்தால் பயிர் குட்டையாகும், இலை நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகும். புகையான் துங்ரோவைப் பரப்பாது. உங்கள் வயலில் தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள்.

கல்லிடைக்குறிச்சி: என்ன மருந்து அடிக்க?

பதில்: முதலில் எண்ணுங்கள். தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒரு தண்டுக்கு, ஒரு புகையானுக்குக் கீழே என்றால் அடிக்க வேண்டாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அடித்தால் குத்தின் அடியில் படும்படி அடியுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் பக்கமே போகாதீர்கள்.

முக்கூடல்: ரோஜாவில் மாவுப்பூச்சி, அண்ணாச்சி.

பதில்: தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். நான் நெல்காரன்.

சேரன்மகாதேவி: நான் சைபர்மெத்ரின்தான் அடித்தேன். இரண்டே நாளில் பூச்சி செத்தது. ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

பதில்: முட்டை சாகவில்லையே! புகையான் இலையுறைக்குள் முட்டை வைக்கும். மருந்து அங்கே எட்டாது. ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு வெளிவரும்போது, அதைத் தின்ன வேண்டிய சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துக் கிடக்கும். அப்புறம் முன்பைவிட அதிகமாகப் பெருகும்.

சேரன்மகாதேவி: சிலந்தி அப்படி எத்தனை தின்றுவிடும்?

பதில்: ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளுக்கு 5 முதல் 15 பூச்சி வரை. வலை கட்டாது, தண்ணீர் மேலேயே ஓடிப் பிடிக்கும். முதுகில் கவை போல ஒரு கோடு தெரியும். அதைக் கொன்றுவிட்டுப் புகையானோடு மல்லுக்கட்ட முடியாது.

அம்பை: என்ன மருந்து அடிக்கலாம், அண்ணாச்சி?

பதில்: கல்லிடைக்குறிச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வீரவநல்லூர்: சரி அண்ணாச்சி, அடுத்த கார் பருவ நடவுக்கு?

பதில்: 8 அடிக்கு ஓர் அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி விட்டு நடுங்கள், குத்தின் அடியில் காற்றும் வெயிலும் படும். யூரியாவை மொத்தமாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். பச்சைத் தத்துப்பூச்சிக்கு நாற்றங்காலிலேயே கண் வையுங்கள். துங்ரோ இளம்பயிரில் வந்தால்தான் நட்டம் அதிகம்.