மஞ்சள் காய்ச்சல் பூஸ்டர் ஊசிக்கு முன்பதிவு கிடைக்கவில்லையா? முதலில் பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். 2013 மார்ச்சில் நைஜீரியாவுக்கு வேலைக்குப் போனபோது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அட்டையில் 2023 வரைதான் செல்லும் என்று இருக்கிறது. இப்போது கானாவில் வேலை கிடைத்து, மனைவி, நான்கு வயது மகள் ஆகியோருடன் ஜூலை 7 அன்று புறப்படுகிறேன். பூஸ்டர் போடாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்கிறார் டிராவல் ஏஜென்ட். இரண்டு வாரமாக முன்பதிவுக்கு முயல்கிறேன். தேதி திறந்த சில நிமிடங்களிலேயே இடம் நிரம்பிவிடுகிறது, தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. ஊசி போடாமலே அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். மகளுக்கு மே 26 அன்றுதான் சின்னம்மைத் தடுப்பூசி போட்டோம். இன்று ஜூன் 2. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கும் அந்த முன்பதிவு உங்களுக்குத் தேவையே இல்லை. 2013-இல் போட்டுக்கொண்ட ஊசியும் அதற்காகத் தரப்பட்ட அட்டையும் உங்கள் ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் தேவை. அதில் மகளுடைய தேதியைக் குறிப்பதில்தான் கவனம் வேண்டும். இனி நீங்கள் செலவழிக்கும் முயற்சி முழுவதும் அவர்கள் இருவருக்காக இருக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ், அதாவது உங்கள் கையில் இருக்கும் அந்த அட்டை, பத்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்ற விதி நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது உண்மைதான். ஒரே தவணை ஊசி வாழ்நாள் பாதுகாப்புக்குப் போதுமானது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி வல்லுநர் குழு 2013-இல் முடிவு செய்தது. அதைத் தொடர்ந்து 2014 மே மாதம் அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலகச் சுகாதாரப் பேரவை, சர்வதேசச் சுகாதார ஒழுங்குமுறைகளில் இந்தச் சான்றிதழைப் பற்றிய பகுதியான ஏழாவது இணைப்பைத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2016 ஜூலை 11 அன்று நடைமுறைக்கு வந்தது. புதிய அட்டைகளுக்கு மட்டுமல்லாமல், அதற்கு முன்பு எந்த ஆண்டில் வழங்கப்பட்ட அட்டையாக இருந்தாலும், அதில் எந்தக் காலாவதித் தேதி எழுதப்பட்டிருந்தாலும், அது ஆயுள் முழுவதும் செல்லும் என்பதும், நாட்டுக்குள் நுழைவதற்கான நிபந்தனையாகப் பூஸ்டர் ஊசியைக் கேட்கக் கூடாது என்பதும் அந்தத் திருத்தத்தின் சாரம். ஏஜென்ட் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. பழைய அட்டையில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்க்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தப் பழைய தேதியை அடித்துவிட்டு ‘ஆயுள் முழுவதும்’ என்று நீங்களோ வேறு யாருமோ எழுதிவிடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு கப்பல் பணியாளரின் அட்டையில், நண்பர் ஒருவர் உதவி செய்வதாக நினைத்து, காலாவதித் தேதியின் மேல் நீல மையால் கோடு போட்டுப் பக்கத்தில் திருத்தி எழுதியிருந்தார். முற்றிலும் செல்லுபடியாகும் ஓர் ஆவணம் அந்த ஒரு கோட்டால் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. அடித்தல், திருத்தல், ஏதேனும் ஒரு பகுதியை நிரப்பாமல் விடுதல் ஆகியவை சான்றிதழைச் செல்லாததாக்கிவிடலாம் என்று அந்த ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. பழைய அட்டை பழைய தேதியோடு அப்படியே இருப்பதுதான் அதற்குப் பலம்.

இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், அட்டையில் இருப்பது பழைய பாஸ்போர்ட்டின் எண்ணாக இருக்கும். அதற்காக ஊசியை மறுபடி போட வேண்டியதில்லை. புதுப்பிக்கப்பட்ட இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், பழைய பாஸ்போர்ட்டின் எண்ணும் அது வழங்கப்பட்ட தேதியும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் ஒருவருடையதே என்பதற்கு அதுவே சான்று. ரத்து செய்யப்பட்ட பழைய பாஸ்போர்ட் கைவசம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். விமான நிலையக் கவுன்டரில் யாராவது மறுப்புச் சொன்னால் வாதத்தில் இறங்க வேண்டாம். விமான நிறுவனங்கள் பயண ஆவணங்களைச் சரிபார்க்க ‘டிமாட்டிக்’ என்ற தகவல் தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. அதில் கானாவுக்கு உரிய பதிவைப் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். ஏழாவது இணைப்பின் அச்சுப் பிரதி ஒன்றையும் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தடைகள் அந்த ஒரு தாளிலேயே தீர்ந்துவிடும்.

இடம் ஏன் இவ்வளவு விரைவாக நிரம்புகிறது என்ற உங்கள் ஆதங்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மற்ற தடுப்பூசிகளைப் போல இதைத் தெருமுனை மருத்துவமனையில் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையங்கள் வழங்கும் சான்றிதழ் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகம், தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகம் ஆகியவை அத்தகைய அரசு மையங்கள். மருந்தின் தன்மை இன்னொரு காரணம். இது உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆன ஊசி. உலர்ந்த தூளாகக் குளிரில் வைக்கப்பட்டு, போடும் நேரத்தில்தான் திரவத்தில் கரைக்கப்படுகிறது. ஒரு குப்பி பலருக்கானது. கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். மீதமிருப்பதைக் கொட்டிவிட வேண்டும். ஒருவருக்காக ஒரு குப்பியைத் திறந்தால் மற்றத் தவணைகள் வீணாகும் என்பதால்தான், மையங்கள் குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்த்து ஊசி போடுகின்றன. மருந்து எளிதில் கிடைப்பதும் அல்ல. 2016-இல் அங்கோலாவிலும் காங்கோவிலும் நோய் பரவியபோது உலகக் கையிருப்பே போதாமல், கின்ஷாசா நகரில் ஒரு தவணையை ஐந்தாகப் பகிர்ந்து மக்களுக்குப் போட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவில், தேவையில்லாத பூஸ்டருக்காக வரிசையில் நிற்பவர்களும் அந்த இடங்களை நிரப்புகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். விதி மாறியது ஏஜென்ட்டுகளுக்கும் பயணிகளுக்கும் தமிழில் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால் அந்த வரிசை நிச்சயம் குறைந்திருக்கும். தொலைபேசியை எடுக்காத மையத்துக்கு இந்தக் காரணங்கள் எதுவும் சமாதானம் ஆகா. தேதி இல்லை என்பதையாவது ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி மனைவியும் மகளும். கானாவுக்குள் நுழையும் ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட எல்லோரும் இந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும். முதல் முறை போடுபவருக்கு, ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகத் தொடங்கும். எனவே உங்கள் மனைவி மிகத் தாமதமாகப் போனாலும் ஜூன் 27-க்குள் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அவருக்கு முதலில் கிடைக்கும் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள்; மகளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மகளுக்கு அப்படி அல்ல. சின்னம்மைத் தடுப்பூசியும் உயிருள்ள வைரஸால் ஆனதே. இத்தகைய இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும், அப்போதுதான் இரண்டாவது ஊசிக்கு உடல் சரியாக எதிர்ப்பாற்றலை உருவாக்கும். மே 26-இலிருந்து 28 நாள் என்றால் ஜூன் 23. அதன் பின் பத்து நாள் கழித்து, ஜூலை 3 முதல் சான்றிதழ் செல்லும். ஆக, மகளுக்குத் தேட வேண்டியது ஜூன் 23 முதல் 27 வரையிலான ஐந்தே நாட்கள். அதிலும் விடுமுறை நாளையும் மையம் ஊசி போடாத நாளையும் கழித்துவிட்டால் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். மதுரையிலிருந்து உங்களுக்குச் சென்னையைவிடத் தூத்துக்குடி மிக அருகில் இருக்கிறது. தொலைபேசியில் தொங்கிக்கொண்டிருப்பதைவிட, ஒரு நாள் காலையில் மனைவி, மகள் இருவருடைய பாஸ்போர்ட்டுகளையும் பயணச்சீட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு நேரில் போய், மகளுடைய தேதிக் கணக்கை விளக்கி இடம் கேளுங்கள். அந்த நாட்களில் எங்குமே கிடைக்காவிட்டால், மகளின் பயணத்தை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடுவதே சரி. நான்கு வாரக் கணக்கைக் குறைத்துச் சொல்லி ஊசி போடச் செய்வது அவளுடைய பாதுகாப்பைக் குறைத்துக்கொள்வதாகும். கருவுற்றிருக்க வாய்ப்பு, முட்டை ஒவ்வாமை, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து, தைமஸ் சுரப்பிக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் இருவரில் ஒருவருக்கு இருந்தால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் காமாலைக்குப் போட்ட ஊசி இதற்கும் ஆகும் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறைய. இரண்டும் வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு ஊசிகள்.

இரண்டாவது தவணை யாருக்குமே தேவையில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சட்டம் கேட்காவிட்டாலும் மருத்துவ நோக்கில் சிலருக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. முதல் ஊசியின்போது கருவுற்றிருந்தவர்கள், எச்ஐவி தொற்றோடு போட்டுக்கொண்டவர்கள், ஊசிக்குப் பிறகு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கு எதிர்ப்பாற்றல் போதாமல் இருக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் ஊசி போட்டுவிட்டு, இப்போது நோய் பரவிக்கொண்டிருக்கும் பகுதியில் நீண்ட காலம் தங்கப் போகிறவர்களுக்கும் அமெரிக்க வல்லுநர்கள் இன்னொரு தவணையை ஏற்கிறார்கள். கானாவில் நீங்கள் இருக்கப் போகும் பகுதியையும் காலத்தையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லி, தேவைப்பட்டால் பின்னர் முடிவு செய்யலாம்; ஜூலை 7-க்குள் முடிக்க வேண்டிய காரியம் அல்ல அது.

ஊசி போடாமல் அட்டை தருகிறேன் என்பவரிடம் மறுபடி பேசவே வேண்டாம். போலி ஆவணம் என்ற சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த நோய்க்குத் தனி மருந்து கிடையாது. நோய் முற்றிய நிலைக்குப் போகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் இறக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தையின் கையில் வெறும் காகிதத்தைக் கொடுத்து அந்த ஊருக்கு அழைத்துச் செல்லக் கூடாது. திரும்பி வரும்போதும் இதே அட்டையை இந்தியா கேட்கும். செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கிறார்கள். நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம்மிடம் நிறைய இருக்கிறது, நோய் மட்டும்தான் இல்லை என்பதால் அந்தக் கண்டிப்பு நியாயமானது.

மனைவிக்கும் மகளுக்கும் ஊசி போட்ட பிறகு, அட்டையைப் பையில் வைப்பதற்கு முன் கவுன்டரிலேயே நின்று ஒரு முறை படியுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரின் எழுத்துகள், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மருத்துவரின் கையெழுத்தும் மையத்தின் முத்திரையும் தனித்தனியாக இருக்க வேண்டும். முத்திரை கையெழுத்துக்கு ஈடாகாது. ஏதேனும் தவறு இருந்தால் அதன் மேலேயே திருத்தி எழுத விடாமல், புது அட்டையில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.