பாட்டி காலத்துப் பல் பொடியைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம். கீழ்ப்பல் முளைக்கிறது, நான்கு நாளாக ஒரே அழுகை, ஜொள்ளு. என் மாமியாரின் பாட்டி பர்மாவிலிருந்து கொண்டுவந்த ட்ரங்குப் பெட்டியைப் போன வாரம்தான் திறந்தோம். அதில் ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு தகர டப்பா இருந்தது. குழந்தைக்குப் பல் முளைக்கும்போது கொடுக்கிற பொடியாம். உள்ளே மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள், வெள்ளைப் பொடி. கூடவே ஒரு பழுப்பு பாட்டில், ‘சூதிங் சிரப்’ என்று லேபிள், அடியில் ஏதோ உறைந்து கிடக்கிறது. “எங்கப்பாவுக்கு இந்தப் பொடியைத்தான் கொடுத்தாங்க, 88 வயசு இருந்தார். அந்தக் காலத்து மருந்துல கலப்படம் கிடையாது” என்கிறார் மாமியார். நேற்று விரல் நுனியில் தொட்டு ஈறில் ஒருமுறை தடவியும் விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. டப்பாவையும் பாட்டிலையும் ஒரு கவரில் போட்டுக் கட்டி, குழந்தையோடு இன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். எவ்வளவு தடவினார், எப்போது தடவினார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தை எழுப்பினாலும் எழாமல் அசந்து கிடந்தாலோ, மூச்சு மெதுவானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அந்தப் பொடி நான் நினைப்பதாகவே இருந்தாலும், விரல் நுனியில் ஒருமுறை தடவியதால் பெரிய கேடு வந்திருக்க வாய்ப்பு குறைவுதான். ஆனால் நூறு வருஷத்துப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சரி, நான் எதை நினைக்கிறேன் என்று சொல்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் விற்ற பல் முளைக்கும் பொடிகள் பலவற்றில் காலோமெல் என்ற பாதரச உப்பு இருந்தது. வெள்ளையாக, ருசியில்லாமல் இருக்கும், பேதியாகும். வயிறு சுத்தமானால் பல் சுலபமாக வரும் என்று அப்போது நம்பினார்கள். மருத்துவர்களே பாதரசத்தைச் சுண்ணாம்புப் பொடியோடு அரைத்து, ‘கிரே பவுடர்’ என்று குழந்தைகளுக்கு எழுதிக்கொடுத்த காலம் அது. ஆகவே உங்கள் மாமியார் சொல்வது ஒரு வகையில் சரி. கலப்படம் இல்லைதான். விற்ற சரக்கே பாதரசம்.

அதே காலத்தில் குழந்தைகளுக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. உள்ளங்கையும் பாதமும் பச்சை இறைச்சிபோல் சிவந்து தோல் உரியும். உடம்பெல்லாம் வியர்வையில் நனைந்திருக்கும். வெளிச்சம் ஆகாமல் குழந்தை முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொள்ளும். கைகால் துவளும். தலைமுடியைப் பிடுங்கிக்கொள்ளும், சில குழந்தைகளுக்குப் பல்லே ஆடி விழுந்தது, சில குழந்தைகள் இறந்தும் போயின. ‘பிங்க் டிசீஸ்’ என்று பெயர் வைத்தார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை. கிருமி என்றார்கள், சத்துக்குறைவு என்றார்கள். குழந்தை சிணுங்கினால் பல்தான் காரணம் என்று வீட்டில் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள்.

1940களில்தான் அமெரிக்காவின் சின்சினாட்டியில் வார்க்கனி, ஹப்பார்ட் என்ற இருவர் இந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசத்தைக் கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் 1954வாக்கில் பல் பொடிகளிலிருந்து பாதரசத்தை எடுத்தார்கள். அடுத்த சில வருஷங்களில் நோயும் காணாமல் போனது.

இவ்வளவு நாள் ஏன் தெரியவில்லை? இதற்கான விடைதான் உங்கள் மாமியாருக்கும் பதில். பாதரசம் உள்ளே போன குழந்தைகளில் ஏறக்குறைய 500க்கு ஒன்றுதான் நோயில் விழுந்தது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மற்ற 499 வீட்டிலும் இரண்டு நாளில் பல் வெளியே வந்தது, அழுகை நின்றது. பொடி கொடுக்காமலிருந்தாலும் நின்றிருக்கும். ஆனால் பேர் பொடிக்குப் போயிற்று. மாமியாரின் அப்பா அந்த 499இல் ஒருவர். அவருடைய ஆயுளில் பொடிக்குப் பங்கு எதுவும் இல்லை.

பாட்டிலைப் பற்றி. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ‘சூதிங் சிரப்’ (அழுகையை அடக்கி அமைதிப்படுத்தும் சிரப்) என்ற பெயரைப் பார்த்ததுமே எனக்கு அமெரிக்காவின் ‘மிஸஸ் வின்ஸ்லோ’ சிரப் ஞாபகம் வந்தது. 1849 முதல் விற்ற சரக்கு. ஒரு அவுன்ஸில் 65 மில்லிகிராம் மார்ஃபின். கணக்குப் போட்டால் ஒரு டீஸ்பூனில் சுமார் 10 மில்லிகிராம் வருகிறது. கடுமையான வலியில் துடிக்கிற பெரியவருக்கு மருத்துவர்களான நாங்கள் யோசித்துக் கொடுக்கிற அளவு அது. குழந்தை தூங்காமல் என்ன செய்யும்? சில குழந்தைகள் எழவே இல்லை. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைக் ‘குழந்தைக் கொல்லி’ வரிசையில் சேர்த்தது.

அதற்கு முன்பே, 1906இல், மார்ஃபின், அபின், கோக்கைன், சாராயம் இருந்தால் அளவை லேபிளில் போட வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. விற்கத் தடையில்லை, எழுதினால் போதும். அந்தப் பட்டியலில் பாதரசம் இல்லை! பிரிட்டனில் நிலைமை இன்னும் வேடிக்கை. மருந்து டப்பாமேல் ஒட்டிய அரசாங்க வரி முத்திரையைச் சர்க்காரே கொடுத்த நற்சான்று என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்ற இந்த ரகசிய மருந்துகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வெளிவந்த தேதி 1914 ஆகஸ்ட் 4. பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கிய அதே நாள். யார் படிப்பார்கள்?

இனி பல் விஷயம். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஈறை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். சுத்தமான ஈரத்துணியை ஃபிரிட்ஜில் (ஃபிரீசரில் வேண்டாம்) வைத்துக் கடிக்கக் கொடுங்கள். ஜொள்ளை அடிக்கடி துடையுங்கள், இல்லாவிட்டால் தாடையில் வேர்க்குரு மாதிரி வரும். ராத்திரி ரொம்பவும் அழுதால் பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுக்கலாம். எடைக்கு எத்தனை மில்லி என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் ஜெல் கடையில் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே கெடுக்கக்கூடியது. தேனும் ஒரு வயது வரை வேண்டாம். உரை மருந்து உரசிக் கொடுக்கட்டுமா என்று மாமியார் அடுத்துக் கேட்பார். அதுவும் வேண்டாம்; ஜாதிக்காய் கொஞ்சம் கூடினாலும் குழந்தை மயங்கிக் கிடக்கும். அப்புறம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் பல்லின்மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அதற்கு வேறு காரணம் இருக்கும்.

மருத்துவர் பார்த்த பிறகு பொட்டலங்களை அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள், பாதரச ஆவி கிளம்பும். சாக்கடையிலும் கொட்டக் கூடாது. டப்பாவோடு ஒரு மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் வைத்து, மேலே ‘விஷம்’ என்று எழுதி, உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். டப்பாவையாவது ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று மாமியார் கேட்டால், ட்ரங்குப் பெட்டியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே ஈரத்துணியால் துடையுங்கள், உதறவோ பெருக்கவோ வேண்டாம். துடைத்த துணியும் அந்த ஜாடிக்குள்ளேயே போகட்டும்.