காவல் நாய்க்குப் பனடோல் கொடுக்கலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் மரக்கறி செய்கிறோம். காவலுக்கு வளர்க்கும் 12 கிலோ நாய் இரண்டு நாளாகப் பின்னங்காலை நொண்டுகிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை, உடம்பும் சுடுகிறது. டவுனுக்குக் கொண்டுபோவது லேசில்லை. வீட்டில் பனடோலும் புரூஃபனும் இருக்கின்றன. எதை எவ்வளவு கொடுக்கலாம்? பூனைக்கும் அது சரிவருமா?

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரு துணுக்குகூடக் கூடாது.

பனடோலில் உள்ள பரசிட்டமோலை நம் ஈரல் முறித்து வெளியேற்றிவிடும். அதற்கு வேண்டிய நொதியம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. கிலோவுக்கு 10 மில்லிகிராமே பூனைக்கு நஞ்சாகலாம். 3 கிலோ பூனைக்கு அது 500 மி.கி. குளிசையில் பதினாறில் ஒரு பங்குதான். நஞ்சேறினால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. சில மணி நேரத்தில் ஈறு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும்.

நாய் பூனையைவிடக் கொஞ்சம் தாங்கும். மிருக வைத்தியர் சிலவேளை நாய்க்குப் பரசிட்டமோல் எழுதுவதும் உண்டு. ஆனால் அது கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.தான். உங்கள் நாய்க்கு 120 முதல் 180 மி.கி. வரும். பாதிக் குளிசையே 250 மி.கி. அளவு மீறினால் ஈரல் கெடும். அது வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகலாம். கஃபீன் சேர்ந்த பனடோல் இன்னும் மோசம்.

வலி மாத்திரையான புரூஃபன் நாய்க்கு ஆகவே ஆகாது. 400 மி.கி. குளிசை ஒன்று உங்கள் நாய்க்குக் கிலோவுக்கு 33 மி.கி. ஆகிறது. கிலோவுக்கு 25 மி.கி. அளவிலேயே இரைப்பையில் புண் வரலாம், கூடினால் சிறுநீரகமும் போகும். டைக்ளோபெனக் என்ற வலி மாத்திரையும் அப்படித்தான்.

எனக்குப் பெரிய கவலை வேறு. நொண்டலும் சோர்வும் சேர்ந்து வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அதில் இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகள் குறைந்துபோகும். அந்த நேரத்தில் புரூஃபனோ அஸ்பிரினோ உள்ளே போனால் இரத்தக்கசிவு கூடும். காதுக்குள், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

கையால் தொட்டுக் காய்ச்சல் என்று முடிவெடுக்காதீர்கள். நாய்க்கு 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் சாதாரணம். நமக்கு அது காய்ச்சல். வெப்பமானி முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் இரண்டு சென்றிமீற்றர் வைத்துப் பாருங்கள். 39.5 தாண்டினால் காய்ச்சல்தான். அந்த வெப்பமானியை வீட்டாருக்குப் பாவிக்கக் கூடாது.

பாதத்தில் முள், கண்ணாடி, காலைச் சுற்றிய கம்பிச் சுருக்கு ஏதும் உண்டா என்று தடவிப் பாருங்கள். வீக்கம் இருந்தால் குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் வையுங்கள், நாளுக்கு மூன்று தடவை. குளிரில் விடாமல் காய்ந்த சாக்கில் படுக்க வைத்துக் கட்டிப்போடுங்கள். தைலம் தேய்க்காதீர்கள், நக்கி விழுங்கிவிடும். ஈறு வெளுத்திருந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ அன்றைக்கே ஆட்டோ பிடியுங்கள்.

ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களா? உப்புத்தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்பே நஞ்சாகும், நுரையீரலுக்குள்ளும் போகும். கொடுத்த நேரத்தையும் அளவையும் குறித்து, குளிசை அட்டையையும் எடுத்துக்கொண்டு அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். முதலில் போன் பண்ணுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் வைத்தியரே பாதுகாப்பாக வாந்தி எடுக்கவைக்கலாம். பரசிட்டமோலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, நேரம் போகப் போக அதன் பலன் குறையும். அங்கே இல்லாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக போதனா வைத்தியசாலையைக் கேளுங்கள்.

ஏசுவார்கள் என்று பயந்து வைத்தியரிடம் ஒளிக்காதீர்கள். வீட்டில் புரூஃபன் கொடுத்தது தெரியாமல் அவர் மெலொக்சிகாம் என்ற வலி மருந்தோ ஸ்டெரொய்டோ ஊசி போட்டால், இரண்டும் சேர்ந்து இரைப்பையில் ஓட்டையே விழலாம்.