ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும். டுடோரியல் பார்த்தால் புரிகிறது, தனியாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பிளாக்செயின் டெவலப்மென்டில் தன்னம்பிக்கை எப்படி வரும்?

ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும் என்கிறீர்கள். ஆரம்பிக்க அது போதும். எனக்குத் தெரிந்தது எத்தீரியம் என்ற பிளாக்செயின், அதற்கு எழுதும் சாலிடிட்டி மொழி. அதை வைத்தே சொல்கிறேன்.

உங்கள் பயம் நியாயமானதுதான். வெப்சைட்டில் பிழை என்றால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பது பிளாக்செயினில் ஓடும் நிரல்; செயினில் ஏற்றிவிட்டால் அந்த நிரல் மாறாது, உள்ளே இருப்பதோ அடுத்தவர் பணம். இன்னும் நாலு வீடியோ பார்த்து இந்தப் பயம் போகாது. கான்ட்ராக்டை உடைக்கப் பழகினால்தான் போகும்.

சாலிடிட்டி எழுதிப் பார்க்கும் கருவியான ரீமிக்ஸைத் திறங்கள். பிரவுசரிலேயே ஓடும், சோதனைக்கென்று தரும் ஒவ்வொரு கணக்கிலும் 100 போலி ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) இருக்கும். ஒரு குட்டி வங்கி எழுதுங்கள்: பணம் போட ஒரு ஃபங்ஷன், எடுக்க ஒன்று. எடுக்கிற ஃபங்ஷனில் வேண்டுமென்றே முதலில் ஈதரை அனுப்பிவிட்டு, அடுத்த வரியில் அவர் இருப்பைப் பூஜ்யமாக்குங்கள். பூஜ்யமாக்காமல் கழித்தீர்கள் என்றால் 0.8க்குப் பிந்தைய சாலிடிட்டி உங்களைக் காப்பாற்றிவிடும், விளையாட்டு கெட்டுவிடும். சரி, இப்போது திருட இன்னொரு கான்ட்ராக்ட். ஈதர் கைக்கு வந்ததும் வங்கியில் மீதி இருக்கிறதா என்று பார்த்து, அதே ஃபங்ஷனை மறுபடி கூப்பிட வேண்டும். இருப்பு இன்னும் பூஜ்யமாகவில்லையே, வங்கி கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றுங்கள், திருட்டு நின்றுவிடும். 2016 ஜூனில் தி டிஏஓ என்ற எத்தீரியம் முதலீட்டு நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் போனது இந்த வகை ஓட்டையில்தான். அதைச் சரிக்கட்டப் போய்த்தான் செயினே இரண்டாகி, எத்தீரியம் கிளாசிக் தனியாக நின்றது.

இதைக் கையால் செய்து பார்த்தவருக்கு அடுத்தவர் நிரலைப் படிக்கும்போதே கண் சரியான வரியில் போய் நிற்கும். அப்புறம் ஓப்பன்செப்பலின் நிறுவனத்தின் ஈதர்நாட் விளையாட்டுக்குப் போங்கள், ஓட்டையுள்ள கான்ட்ராக்டுகளை உடைப்பதுதான் விளையாட்டு, இலவசம்தான். அதில் எனக்குப் பிடித்த கட்டம் ஃபால்அவுட். பழைய சாலிடிட்டியில் கான்ட்ராக்டின் பெயரையே வைத்த ஃபங்ஷன்தான் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஏற்றும்போது ஒரே ஒரு முறை ஓடும் ஃபங்ஷன். அந்தப் பெயரில் ஆங்கில எல் எழுத்துக்குப் பதில் 1 என்ற எண் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான், யார் வேண்டுமானாலும் கூப்பிட்டு ஓனராகிவிடலாம்.

ராப்ஸ்டன், ரிங்கபி என்று பேசும் டுடோரியலை மூடிவிடுங்கள், அந்த டெஸ்ட்நெட்டுகள் (நிஜப் பணம் இல்லாத சோதனைச் செயின்கள்) இப்போது இல்லை. செபோலியா பயன்படுத்துங்கள். ரீமிக்ஸ் பழகியதும் உங்கள் கணினியிலேயே ஓடும் ஃபவுண்ட்ரி என்ற கருவிக்கு மாறி, எழுதும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் டெஸ்ட் எழுதுங்கள்.

பழகுவதற்கென்று தனி வாலட் (ஈதர் கணக்கு) வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பணம் இருக்கும் வாலட்டின் ப்ரைவேட் கீ, அதாவது அதன் ரகசியச் சாவி, தவறிப்போய் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏறிவிட்டால், அதற்கென்றே காத்திருக்கும் தானியங்கி நிரல்கள் நீங்கள் அழிப்பதற்குள் பணத்தைத் துடைத்துவிடும்.