80-இல் அலறும் ஜீப்: கிரவுனை மாற்றுவதா, ஐந்தாவது கியரைச் சேர்ப்பதா?

கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றை 2523 சி.சி. டர்போ டீசல் எஞ்சின், நான்கு கியர் பெட்டி, 235/75 ஆர்15 டயர்களுடன் சீரமைத்து வைத்திருக்கிறேன். நான்கு சக்கர இழுவையும் உண்டு. மாதம் இருமுறை பெங்களூரு செல்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே எஞ்சின் அலறுகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் பேச முடிவதில்லை. பின்னச்சுக்கு ‘ஸ்பீடு கிரவுன்’ போட்டால் போதும் என்று தரகர் ஒருவர் ஒரு செட் கொண்டுவந்து காட்டுகிறார். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம். ‘ஸ்பீடு கிரவுன்’ என்பது அச்சின் பல்சக்கர விகிதத்தைக் குறைத்து, அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்ற வைக்கும் பல்சக்கர இணை. உங்கள் அச்சில் இப்போது இருக்கும் விகிதம் எது என்பதே உறுதியாகத் தெரியாத நிலையில், புதிய விகிதத்துக்குப் பணம் கொடுப்பது அளவெடுக்காமல் சட்டை தைப்பதைப் போன்றது. பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரொப்பல்லர் ஷாஃப்ட் (எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே உங்கள் விகிதம். பழைய ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் அந்த ஷாஃப்டின் மீதே இருப்பதால், ஒரு சக்கரம் தரையைவிட்டு எழுந்ததும் அது வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஆகையால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

ஐந்தேகால் சுற்றுக்குச் சற்று மேல் வந்தால், உங்களிடம் இருப்பது 8 பல் பினியனும் (சிறிய பல்சக்கரம்) 43 பல் கிரவுனும் (அது சுழற்றும் பெரிய பல்சக்கரம்) கொண்ட 5.38 விகிதம் என்று கொள்ளலாம். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.25 மீட்டர் உருளும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 593 முறை சுற்றுகிறது. நான்காவது கியர் நேரடி கியர், அதாவது எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் என்பதால் எஞ்சின் சுமார் 3,190 சுற்று சுற்றியாக வேண்டும். இந்த எஞ்சின் தன் உச்ச ஆற்றலைத் தருவதே 3,200 சுற்றில்தான். மணிக்கணக்கில் அதை அந்த விளிம்பிலேயே ஓட்டினால் அலறாமல் என்ன செய்யும்?

தரகர் காட்டுவது பெரும்பாலும் 11-க்கு 45, அதாவது 4.09 ஆக இருக்கும். அதே வேகத்தில் எஞ்சின் 2,425 சுற்றுக்கு இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அவர் சொல்லாமல் விடுவது முன்னச்சைப் பற்றி. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன்னச்சும் பின்னச்சும் ஒரே விகிதத்தில் இருந்தாக வேண்டும். பின்னால் 4.09, முன்னால் 5.38 என்று விட்டுவிட்டு என்றேனும் முன் இழுவை லீவரைப் போட்டால், ஒரே சாலையில் இரண்டு அச்சுகளும் 30 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேக வித்தியாசத்தில் ஒன்றையொன்று இழுக்கும்; ஷாஃப்டோ, இழுவையை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸோ உடையும் வரை அந்த இழுபறி ஓயாது. “முன் லீவரைத் தொடாமல் இருந்தால் போதும் சார்” என்பார்கள். நீங்கள் தொட மாட்டீர்கள். மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றில் மாட்டிக்கொள்ளும் ஓட்டுநர் தொடுவார், வண்டியை உங்களிடமிருந்து வாங்குபவர் தொடுவார். ஒற்றை செட் மட்டுமே வாங்குவது என்று முடிவெடுத்தால், முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.

செட் என்ற சொல்லையும் நம்பாதீர்கள். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இணை சேர்க்கப்பட்டவை. பினியனின் முகப்பிலும் கிரவுனின் ஓரத்திலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு ‘செட்’டில் அந்த இடத்தில் மட்டும் கிரீஸ் தாராளமாக அப்பியிருந்தது, துடைத்துப் பார்க்காதது என் பிழை. முந்நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள், ஆக்சிலரேட்டரைவிட்டுக் காலை எடுக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ஓர் ஊளை கேட்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் இரண்டும் இரண்டு வண்டிகளின் பாகங்கள். கையில் மண்ணெண்ணெய்த் துணியோடு போங்கள். டயல் கேஜ் (நுண் அளவுமானி) வைத்து ஷிம் (பற்களின் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) சரிசெய்யத் தெரியாத பட்டறையில், எண் ஒத்த செட்டைப் பொருத்தினாலும் இதே ஊளைதான்.

உங்கள் நிலையில் நான் ஐந்து கியர் பெட்டியைத்தான் தேர்வேன். ஐந்தாவது கியரின் விகிதம் 0.82 (ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் 0.82 சுற்று) என்று வைத்துக்கொண்டால் 80-இல் சுமார் 2,615 சுற்று வரும். கிரவுனை மாற்றினால் வரும் சுற்றைவிடச் சற்றே கூடுதல் என்றாலும், இரண்டு அச்சுகளையும் திறக்க வேண்டியதில்லை. சுமையோடு மேட்டில் புறப்படும்போது கிளட்ச் கருகாது. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது: அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால், அச்சு 4.09 ஆகிவிட்டால் நீங்கள் உண்மையில் 80-இல் போகும்போது முள் 61-இல் நிற்கும். இன்னொன்று, பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். டிரம் பிரேக் வண்டிக்கு அங்கே எஞ்சினின் பிடிமானம் எவ்வளவு தேவை என்பது இறங்கியவர்களுக்குத் தெரியும், 4.09 அச்சில் ஒவ்வொரு கியரிலும் அந்தப் பிடி கால்பங்கு குறைந்துவிடும். கிரவுன், ஐந்தாவது கியர் இரண்டையும் சேர்த்துப் போட்டால் 1,990 சுற்று என்று ஆசை காட்டுவார்கள். பெட்டி போன்ற முகம் கொண்ட ஜீப்புக்குக் காற்றே பெருஞ்சுமை. எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் நான்காவதுக்கே திரும்பிக்கொண்டிருப்பீர்கள்.

“ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறேன்” என்று தரகர் தனியாகக் கேட்கும் தொகை முழு ஏமாற்று, பதிவுச் சான்றிதழில் அச்சு விகிதத்துக்கென்று ஒரு கட்டமே கிடையாது. எஞ்சின் எண்ணுக்கு உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வண்டியில் செய்யும் மாற்றங்களை இறுக்கிப் பிடிக்கின்றன. எது கூடும், எது கூடாது என்று சாமானியனுக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால், வாசலில் இத்தனை தரகர்களுக்கு வேலை இருந்திருக்காது. உங்கள் எஞ்சின் எண் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கியரைப் பற்றிய பேச்சு அப்புறம்.

பழைய ஐந்து கியர் பெட்டி வாங்கும்போது, அது இன்னும் ஒரு வண்டியில் பூட்டியிருக்கும் நிலையிலேயே ஓட்டிப் பார்த்து, ஐந்தாவதில் ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டால் கியர் நழுவுகிறதா என்று கவனியுங்கள். பெட்டி நீளமானது என்பதால் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டுகளின் நீளமும் மாறும். வண்டி நான்கு சக்கரங்களில் தன் எடையோடு நிற்கும்போது அந்த அளவை எடுக்கச் சொல்லுங்கள், ஜாக்கியில் தொங்கும்போது வேண்டாம்.